பிரஷர் எப்போது பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே, நான் எதற்குப் பிரஷர் பார்க்க வேண்டும்?

தொந்தரவு தெரியாது என்பதால்தான் பார்க்கச் சொல்கிறோம். ரத்த அழுத்தம் வருடக்கணக்கில் 160-இல் நின்றாலும் பெரும்பாலானவர்களுக்கு உடம்பில் ஒன்றும் தெரிவதில்லை. தலை சுற்றினால் பிரஷர், பிடரி இழுத்தால் பிரஷர் என்று பலரும் நம்புகிறார்கள். அந்தத் தலைசுற்றலுக்கும் பிடரி வலிக்கும் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். இதற்கிடையில் இதயத்தின் சுவர் தடித்துக்கொண்டே போகும், சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் கெடும், மூளைக்கும் விழித்திரைக்கும் போகும் ரத்தக்குழாய்கள் சேதமாகும். பக்கவாதம் வந்த பிறகுதான் தனக்குப் பிரஷர் இருந்ததே தெரிந்தது என்பவர்கள் நிறையப் பேர்.

எந்த வயதிலிருந்து, எத்தனை நாளைக்கு ஒருமுறை?

18 வயது ஆனதும் ஒருமுறை பார்த்துக் குறித்து வைக்கலாம். இந்தியாவின் தொற்றா நோய்த் திட்டத்தில் 30 வயதிலிருந்து எல்லோருக்கும் பரிசோதனை என்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பரிந்துரை சற்று வேறு: 18 முதல் 39 வரை, அளவு இயல்பாக இருந்து வேறு காரணமும் இல்லையென்றால் மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போதும், 40-க்கு மேல் வருடம் ஒருமுறை.

நம்மவர்களில் பலருக்கு அந்த மூன்று, ஐந்து வருட இடைவெளி பொருந்தாது. அப்பா அம்மாவுக்குப் பிரஷர் இருந்தால், இடுப்புச் சுற்றளவு கூடியிருந்தால், சர்க்கரை நோய் இருந்தால், கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறியிருந்தால், அல்லது போன முறை மேல் அளவு 130-ஐத் தாண்டியிருந்தால், வயது எதுவானாலும் வருடம் ஒருமுறையாவது பாருங்கள்.

எங்கே பார்க்கலாம்? காசு கொடுத்துத்தான் பார்க்க வேண்டுமா?

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இலவசம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். ஏற்கெனவே மருந்தில் இருப்பவர்களுக்கு மாத்திரையும் கொண்டுவந்து தருகிறார்கள். மருந்துக்கடையில் பார்ப்பது தவறில்லை. ஆனால் நின்றுகொண்டு, கல்லாவில் சில்லறை வாங்கிக்கொண்டே பார்த்த அளவை நோட்டில் எழுத வேண்டாம்.

120/80 என்பதில் எந்த எண் எதைச் சொல்கிறது?

மேல் எண், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்க்குள் இருக்கும் அழுத்தம். கீழ் எண், இதயம் தளர்ந்து நிரம்பும்போது இருப்பது. இரண்டுமே பாதரசம் எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது என்ற கணக்கில் சொல்லப்படுகின்றன. கையைச் சுற்றிக் காற்றுப்பட்டை கட்டும் முறை 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி கொண்டுவந்தது. ஸ்டெதஸ்கோப் வைத்து ஒலி கேட்டு இரண்டு எண்களையும் பிரித்துச் சொல்லும் வழியை 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் காட்டினார். இன்றும் மருத்துவர்கள் கேட்பது அந்த ஒலியைத்தான்.

‘கீழ் அளவு ஏறினால்தான் ஆபத்து’ என்பது பழைய பேச்சு. 50 வயதுக்கு மேல் குழாய்கள் விறைத்துப்போவதால் மேல் அளவு மட்டும் ஏறுவது சகஜம். 165/75 என்று வந்தால், கீழே நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. மேல் அளவு தனியாக ஏறியிருந்தாலும் வைத்தியம் வேண்டும்.

எந்த அளவு வந்தால் பிரஷர் என்று சொல்வார்கள்?

மருத்துவமனையில் பார்க்கும்போது 140/90 அல்லது அதற்கு மேல். இரண்டில் ஒரு எண் தாண்டினாலே போதும். அதுவும் ஒரே நாள் அளவை வைத்து அல்ல. வெவ்வேறு நாட்களில் இரண்டு மூன்று முறை பார்த்து உறுதி செய்வார்கள். வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து பார்க்கும் அளவுக்கு வரம்பு சற்றுக் குறைவு: சராசரி 135/85. கையில் கட்டிவிட்டு 24 மணி நேரமும் தானாகப் பதிவு செய்யும் கருவியில் அந்த நாள் முழுக்கச் சராசரி 130/80.

2017-இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் மருத்துவமனை வரம்பையே 130/80 ஆகக் குறைத்தன. இணையத்தில் இரண்டு விதமாகப் படித்துக் குழம்புவது அதனால்தான். இந்தியாவில் நடைமுறையில் இருப்பது 140/90. ஆனால் உங்கள் அளவு 130-க்கும் 139-க்கும் இடையில் இருந்தால் உப்பு, எடை, நடை மூன்றிலும் இப்போதே கை வைப்பது நல்லது.

அளவு எடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். தப்பான மாத்திரைக்கும் தேவையில்லாத பயத்துக்கும் காரணம் பெரும்பாலும் கருவி இல்லை, உட்கார்ந்த விதம்தான்.

அரை மணி நேரம் முன்பிருந்து காபி, டீ, சிகரெட், புகையிலை வேண்டாம். வேக நடையும் மாடி ஏறுவதும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். மூத்திரப்பை நிரம்பியிருந்தால் மேல் அளவு 10 வரை ஏறிக் காட்டலாம். பிறகு ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். டிவி இல்லை, போன் இல்லை, பேச்சும் இல்லை.

நாற்காலிக்கு முதுகு சாயும் பலகை இருக்க வேண்டும். முகாம்களில் போடும் பிளாஸ்டிக் ஸ்டூலில் முதுகுக்குப் பிடிமானம் கிடையாது. முதுகுத் தசை இறுகியபடி உட்காரும்போது அளவு சில புள்ளிகள் கூடும். பாதம் இரண்டும் தரையில் படட்டும். கால்மேல் கால் போட்டால் 2 முதல் 8 வரை கூடும். தரையில் சம்மணமிட்டும் பார்க்க வேண்டாம்.

கையை மேசைமேல் வையுங்கள். பட்டை கட்டிய இடம் நெஞ்சின் நடுமட்டத்துக்கு வர வேண்டும். மேசை தாழ்வாக இருந்தால் தலையணை வைத்து உயர்த்தலாம். கை இதயத்தைவிட 10 செ.மீ. கீழே இருந்தால் அளவு 7, 8 புள்ளி கூடும், மேலே இருந்தால் அதே அளவு குறையும். ரத்தத்தின் எடையே அங்கே சேர்ந்துகொள்கிறது. மடியில் கை வைத்துப் பார்ப்பதும், தொங்கவிட்டுப் பார்ப்பதும் அன்றாடம் நடக்கும் பிழை. கையை நீங்களே தூக்கிப் பிடிப்பதும் உதவாது. தசை வேலை செய்தால் அளவு ஏறும்.

பட்டையை எப்படிக் கட்டுவது? சட்டைமேல் கட்டலாமா?

வெறும் கையில் கட்டுங்கள். முழுக்கைச் சட்டையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அந்தச் சுருளே கையை இறுக்கிவிடும். அதற்கு ஒரு கையைச் சட்டையிலிருந்து வெளியே எடுத்துவிடுவது மேல். இறுக்கமான கை வைத்த ரவிக்கை அணிபவர்கள் பரிசோதனை நாளில் தளர்ந்த உடை போட்டுக்கொண்டு போகலாம்.

பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு மேலே இரண்டு மூன்று செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். முழங்கையின் உட்பக்கம், சுண்டுவிரல் பக்கமாகச் சற்றுத் தள்ளித் தொட்டால் நாடி துடிக்கும். பட்டையில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறியோ கோடோ அந்தத் துடிப்பின்மேல் வரட்டும். கட்டியபின் இடையில் ஒரு விரல் நுழைய வேண்டும், நான்கு விரல் நுழைந்தால் தளர்வு. தளர்ந்த பட்டை அளவைக் கூட்டிக் காட்டும். சில கருவிகள் பிழைக் குறி காட்டி நின்றுவிடும்.

என் கை பருமன். அதனால் அளவு மாறுமா?

மாறும், அதுவும் கணிசமாக. பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்றி வர வேண்டும். சிறிய பட்டையைப் பருமனான கையில் கட்டினால் குழாயை அமுக்க அதிகக் காற்று தேவைப்படும். கருவி அதையே உங்கள் பிரஷர் என்று எழுதும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுபவருக்குச் சாதாரணப் பட்டை கட்டினால் மேல் அளவு ஏறக்குறைய 20 கூடிக் காட்டுகிறது என்று 2023-இல் வெளியான, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. 135 இருப்பவர் 155 ஆகிவிடுவார்! மெலிந்த கையில் பெரிய பட்டை கட்டினால் இதற்கு நேர்மாறாக, இருக்கும் பிரஷர் மறைந்துபோகும்.

தையல்காரரின் டேப்பை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றளவைப் பாருங்கள். பெட்டியோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைதான். பட்டையிலேயே அளவு அச்சிட்டிருக்கும். 32-ஐத் தாண்டினால் பெரிய பட்டையைத் தனியாக வாங்குங்கள், அதே கம்பெனி, அதே மாடலுக்கு உரியதாக. புளூடூத்துக்கும் பேசும் கருவிக்கும் கொடுக்கும் காசை இதற்குக் கொடுத்தால் உருப்படியான செலவு.

எந்தக் கருவி வாங்கலாம்? மணிக்கட்டில் கட்டுவது, ஸ்மார்ட் வாட்ச் இதெல்லாம்?

மேல்கையில் கட்டும் தானியங்கிக் கருவிதான் வீட்டுக்கு ஏற்றது. மணிக்கட்டுக் கருவியில் கை சற்று இறங்கினாலும் எண் மாறிவிடும். மேல்கையில் பட்டை சேராத அளவுக்குக் கை பருமனாக இருப்பவர்களுக்கு வேறு வழியில்லாதபோது பயன்படுத்தலாம். வாட்ச், மோதிரம், போன் கேமரா காட்டும் எண்ணை வைத்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

விலை முக்கியமல்ல, அந்த மாடல் மனிதர்களிடம் சோதித்து உறுதி செய்யப்பட்டதா என்பதுதான் முக்கியம். ‘ஸ்ட்ரைட் பிபி’ என்ற சர்வதேச அமைப்பு அப்படிச் சோதிக்கப்பட்ட மாடல்களின் பட்டியலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கம்பெனிப் பெயர் இருந்தால் போதாது, பெட்டியில் இருக்கும் மாடல் எண் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

பாதரசக் கருவிதானே சரியான அளவு காட்டும்?

பார்க்கத் தெரிந்தவர் பார்த்தால் நன்றாகக் காட்டும். ஆனால் பாதரசம் நச்சு. அதைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை இந்தக் கருவிகளின் தயாரிப்புக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் 2020-ஐக் கெடுவாக வைத்தது. அதனால் அவை மெல்ல மறைந்து வருகின்றன. தவிர, காதால் கேட்டுப் பார்ப்பவர் காற்றை நொடிக்கு 2 மி.மீ. வேகத்தில் இறக்க வேண்டும். அவசரத்தில் சர்ரென்று இறக்கினால் மேல் அளவு குறைந்தும் கீழ் அளவு கூடியும் பதிவாகும். பூஜ்யத்தில் முடியும் எண்ணாகவே எழுதும் பழக்கமும் உண்டு. ஒரு பதிவேட்டில் வரிசையாக 120/80, 130/80, 140/90 மட்டுமே இருந்தால் எங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

டிஜிட்டல் கருவி ஒலியைக் கேட்பதில்லை. காற்று இறங்கும்போது பட்டைக்குள் ஏற்படும் அதிர்வை உணர்ந்து, அது உச்சமாக இருக்கும் இடத்தை வைத்து மேல், கீழ் எண்களைக் கணக்கிடுகிறது. ஆகவே இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு அது தடுமாறும். அவர்கள் மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும், இடையிடையே மருத்துவரிடம் காதால் கேட்டுச் சரிபார்க்கவும் வேண்டும். கையை அசைத்தாலும் பேசினாலும் கூட அதிர்வு கலங்கும். கையை அசைக்காமல் வைத்திருந்தும் பிழைக் குறி வந்தால், முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

வலது கையா, இடது கையா?

முதல் தடவை இரண்டிலும். எது கூடுதலோ அதையே இனி எப்போதும். 10 வரை வித்தியாசம் சாதாரணம். திரும்பத் திரும்ப 15-க்கு மேல் வந்தால் ஒரு கைக்குப் போகும் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய் இணைப்பு) போட்ட கையில் பட்டை கட்டவே கூடாது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கட்டிகளை எடுத்தவர்கள் மறு கையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து நிமிடத்தில் மூன்று தடவை பார்த்தேன். மூன்றும் மூன்று விதம். கருவி கெட்டுவிட்டதா?

இல்லை. பிரஷர் ஒவ்வொரு துடிப்புக்கும் மாறுவது. பட்டை கையை இறுக்கும் பதற்றத்தில் முதல் அளவு பெரும்பாலும் கூடுதலாக வரும். ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டாவது எடுத்து, இரண்டையும் எழுதுங்கள். இடைவெளி விடாமல் அமுக்கினால் கையில் ரத்தம் தேங்கி எண் பிசகும். பிடித்த எண் வரும்வரை திரும்பத் திரும்பப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது தன்னைத்தானே ஏமாற்றுவது. மருத்துவரிடம் போகும்போது வீட்டுக் கருவியையும் எடுத்துப் போய், அங்குள்ள கருவியோடு வருடம் ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

வீட்டில் ஒரு வாரம் பார்த்து வரச் சொன்னார் டாக்டர். எப்படி?

காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், சிறுநீர் கழித்தபின், காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால் இரண்டு அளவு. இரவுச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு அளவு. இப்படி ஏழு நாள். முதல் நாள் அளவுகளை விட்டுவிடுங்கள். மீதி ஆறு நாளில் 24 அளவுகள் இருக்கும். மேல் எண்களைத் தனியாகக் கூட்டி 24-ஆல் வகுங்கள், கீழ் எண்களைத் தனியாக. அந்தச் சராசரிதான் உங்கள் பிரஷர். ஏழு நாள் முடியாவிட்டால் மூன்று நாளாவது பாருங்கள்.

நோட்டில் தேதி, நேரம், இரண்டு எண்கள், நாடித்துடிப்பு, ‘மாத்திரை போடவில்லை’, ‘இரவு தூக்கமில்லை’ போன்ற குறிப்பு இவ்வளவு போதும். கருவியின் நினைவகத்தை நம்புவதானால் வீட்டில் வேறு யாரும் அதில் பார்க்கக் கூடாது. அப்பாவின் அளவும் மகனின் அளவும் கலந்துபோன சராசரியால் இருவருக்குமே பயனில்லை.

அந்த ஒரு வாரம் முடிந்து, அளவு கட்டுக்குள் இருந்தால் தினமும் பார்க்க வேண்டியதில்லை. வாரம் ஒன்றிரண்டு முறை போதும். அரை மணிக்கொருமுறை பார்ப்பவருக்குப் பயமே பிரஷரை ஏற்றும்.

ஆஸ்பத்திரியில் 160, வீட்டில் 125. எதை நம்புவது?

வெள்ளைக் கோட் போட்ட டாக்டரைக் கண்டதும் பதற்றத்தில் ஏறும் பிரஷர் இது. நிறையப் பேருக்கு உண்டு. வீட்டுச் சராசரியோ 24 மணி நேரப் பதிவோ இயல்பாக இருந்தால் பெரும்பாலும் மாத்திரை வேண்டாம் என்பார்கள். ஆனால் பிற்காலத்தில் இவர்களில் பலருக்கு நிஜமாகவே பிரஷர் வருவதால் வருடாவருடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேரெதிரானதுதான் எங்களுக்குக் கவலை தருவது. ஆஸ்பத்திரியில் 128, வீட்டிலோ வேலையிடத்திலோ 150. புகைப்பவர்கள், இரவுப் பணியில் இருப்பவர்கள், வேலை நெருக்கடியில் இருப்பவர்கள், சர்க்கரை நோயாளிகளிடம் இது அதிகம். டாக்டர் ‘நார்மல்’ என்று அனுப்பிவிடுவார், சேதம் மட்டும் நடந்துகொண்டிருக்கும். வீட்டில் பார்த்தால்தான் இது பிடிபடும்.

வேறு மாத்திரைகள் பிரஷரை ஏற்றுமா?

ஏற்றும். மூட்டு வலிக்குத் தினமும் போடும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், மூக்கடைப்பு மாத்திரையும் சொட்டு மருந்தும், ஸ்டீராய்டு, சில கருத்தடை மாத்திரைகள், தண்ணீரில் போட்டால் பொங்கும் சோடியம் கலந்த மாத்திரைகள். அளவு திடீரென்று ஏறியிருந்தால், கடந்த ஒரு மாதத்தில் புதிதாக என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். மருந்துக்கடையில் சொல்லி வாங்கியதையும் மறைக்க வேண்டாம்.

உப்பும் இந்தக் கணக்கில்தான் வரும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. சாம்பாரில் குறைத்துவிட்டு, பக்கத்திலேயே ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகாது. இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் உப்புதான். பொட்டாசியம் கலந்த உப்பைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மருந்து எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

கர்ப்பமாக இருக்கிறேன். எனக்கும் இதே விதிதானா?

அளவெடுக்கும் முறை ஒன்றுதான், பொறுமைக்குத்தான் இடமில்லை. ஒவ்வொரு பரிசோதனையிலும் பிரஷர் பார்க்க வேண்டும். 140/90 வந்தால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது. சிறுநீரில் புரதம் போகிறதா என்று உடனே பார்ப்பார்கள். 160/110, அல்லது கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி இருந்தால் அன்றே, அப்போதே ஆஸ்பத்திரி. பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் வரை இந்தக் கவனம் வேண்டும்.

அம்மாவுக்கு எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. பிரஷர் மாத்திரைதான் காரணமா?

இருக்கலாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து அளவெடுங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் எடுங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அந்தக் குறிப்போடு மருத்துவரைப் பாருங்கள். மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டியிருக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அளவு நார்மல் ஆகிவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

மாத்திரை போடுவதால்தான் நார்மல். நிறுத்தினால் பெரும்பாலும் சில நாளிலோ வாரங்களிலோ திரும்ப ஏறும். குளோனிடின், மெட்டோபுரோலால் போன்றவற்றைச் சட்டென்று விட்டால் முன்பைவிட அதிகமாகவே ஏறலாம். அம்லோடிபின் போட்டுக் கணுக்கால் வீங்குகிறது என்றால் அதைச் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. உடல் எடை நன்றாகக் குறைந்த சிலருக்கு டாக்டரே மருந்தைக் குறைப்பதும் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளன்று ‘சரியான அளவு தெரியட்டும்’ என்று மாத்திரையைப் போடாமல் போகிறார்கள் சிலர். அன்றைக்கு ஏறித்தான் இருக்கும், டாக்டர் இன்னொரு மருந்தைச் சேர்த்துவிடுவார்.

கருவியில் 190/120 காட்டுகிறது. உடனே என்ன செய்வது?

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், வாய் கோணல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், குழப்பம் இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுபடி அளவெடுத்துக்கொண்டு உட்கார வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, பட்டையைச் சரியாகக் கட்டி மறுபடி பாருங்கள். அப்போதும் 180/120-ஐத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவரைத் தொடர்பு கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைப் போடுவதும், நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துச் சட்டென்று இறக்கப் பார்ப்பதும் ஆபத்து. பல நாளாக உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்கு, அது ஒரேயடியாகச் சரிந்தால் போதிய ரத்தம் கிடைக்காமல் போகும்.